புனலூர் பழைய கடையிலிருந்து செங்கோட்டைத் திண்ணைக்கு: ஒரு சாய்வு நாற்காலியைக் கோடைக்குள் தயார் செய்வது எப்படி

எங்கள் வீடு செங்கோட்டையில் திண்ணை வைத்த பழைய வீடு. பங்குனி பிறந்துவிட்டால் மாலை நாலு மணிக்கு மேல் அப்பா உள்ளே இருக்கமாட்டார். முழங்கால் வலி வந்த பிறகு திண்ணையில் சம்மணம் போட்டு உட்காரவும் முடியவில்லை. கைப்பிடி நீளமான கேரளத்துச் சாய்வு நாற்காலி ஒன்று வாங்கிப் போடலாம் என்று நினைத்தேன். புதிதாகச் செய்யக் கேட்டால் தேக்கில் முப்பதாயிரத்துக்குக் குறையாது என்றார்கள். சரி, புனலூர்ப் பக்கம் பழைய வீடுகளைப் பிரித்து விற்கும் கடைகளில் பார்க்கலாம் என்று கிளம்பினேன்.

முதல் தடவை எல்லாமே தப்பாகப் போனது. பில் இல்லாமல் ஒரு பெஞ்சும், கூடவே மலிவாகக் கிடைத்ததென்று இரண்டு உத்தரமும் ஏற்றி வந்து வழியில் ஒரு சோதனைச் சாவடியில் மூன்று மணி நேரம் நின்றேன். வந்த மறுநாளே பெஞ்சுக்கு பாலிஷ் போட்டேன். சித்திரையில் சாய்மானப் பலகை நடுவே பிளந்தது. ஆனிச் சாரலில் பாலிஷ் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. அடுத்த வருஷம் ஒரு நாற்காலியை ஒழுங்காகச் செய்தேன். அது இன்றும் திண்ணையில் கிடக்கிறது. தென்காசி, பண்பொழி, புளியரை வட்டாரத்தில் இதே யோசனையில் இருப்பவர்கள் என் வழியில் அலையவேண்டாம்.

1. நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

நாற்காலி திண்ணையில் இருக்கவேண்டியது மார்ச் நடுவில். அதற்கு முன் பிரம்பு பின்ன ஒரு வாரம், மர வேலைக்கு இரண்டு வாரம், மரம் நம் ஊர்க் காற்றுக்குப் பழக மூன்று வாரம். ஆக, வாங்குவது ஜனவரிக் கடைசியில் இருக்கவேண்டும்.

அதற்கு முன்னால் போகாதீர்கள். கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரவிளக்கு வரை கொல்லம் நெடுஞ்சாலையில் ஐயப்ப பக்தர்கள் வண்டிதான். ஆரியங்காவு மலைப்பாதையில் அரைமணி நேர வழி இரண்டு மணி நேரம் ஆகும். தை பிறந்து ஒரு வாரம் கழித்துப் போனால் சாலையும் காலி, கேரளத்தில் துலாவர்ஷம் என்கிற ஐப்பசி, கார்த்திகை மழையும் ஓய்ந்திருக்கும், கடை முற்றத்தில் கிடக்கும் மரமும் ஓரளவு காய்ந்திருக்கும். மார்ச்சில் போய் வாங்கி அவசர அவசரமாகச் செய்வதைவிட அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

2. கடையில் என்ன பார்ப்பது

புனலூர், கொட்டாரக்கரைப் பக்கம் பலகையில் 'பழய தடி' என்று எழுதியிருந்தால் பயப்படவேண்டாம். மலையாளத்தில் தடி என்றால் மரம். நாம் அயினி என்பதை அவர்கள் ஆஞ்ஞிலி என்பார்கள். பலா, பிலாவு. தேக்கு, தேக்கேதான். திண்ணைக்குத் தேக்கோ அயினியோ போதும்.

'ஈட்டி' (ரோஸ்வுட் மரம்) என்று சொல்லி விலையை ஏற்றினால் நிதானியுங்கள். அயினிக்குக் கருஞ்சாயம் பூசி ஈட்டி என்று விற்பதை நானே பார்த்திருக்கிறேன். நாற்காலியைக் கவிழ்த்து, அடிப்பக்கம் கண்ணில் படாத இடத்தில் சுரண்டிப் பாருங்கள். மேலே கறுப்பு, உள்ளே மஞ்சள் என்றால் அது சாயம். நிஜமான ஈட்டியாகவே இருந்தாலும் என் யோசனை, வேண்டாம். நம் மாநிலத்தில் அந்த மரத்துக்கென்றே 1994இல் தனிப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். வழியில் யாராவது கேட்டால் பதில் சொல்லிக்கொண்டு நிற்கவேண்டும்.

அப்புறம் உட்காருங்கள். சும்மா தொட்டுப் பார்க்காமல் முழு எடையையும் போட்டுச் சாய்ந்து, இரண்டு பக்கமும் ஆடிப் பாருங்கள். மூட்டு லேசாக ஆடினால் பரவாயில்லை, சரிசெய்யலாம். மூட்டு இருக்கும் இடத்தில் மரமே பிளந்திருந்தால் விட்டுவிடுங்கள். கால்களின் அடியில் சாவியால் குத்திப் பாருங்கள். வெண்ணெய் மாதிரி இறங்கினால் அது மட்கிய மரம்.

பிரம்பு கிழிந்திருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். எப்படியும் புதிதாகப் பின்னத்தான் போகிறோம். கிழிந்த பிரம்பைக் காட்டித்தான் நான் விலையை ஆறாயிரத்திலிருந்து நாலாயிரத்து ஐந்நூறுக்குக் கொண்டுவந்தேன்.

3. பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்

"பழய கசேரக்கு எந்தினா சேச்சி பில்லு?" என்று கேட்பார்கள், பழைய நாற்காலிக்கு எதற்கு பில் என்று. சிரித்துக்கொண்டே, "எல்லை தாண்டணும் சேட்டா" என்று சொல்லுங்கள். புரிந்துகொள்வார்கள்.

பில்லில் இருக்கவேண்டியவை: கடையின் பெயர், முகவரி, தேதி, உங்கள் பெயரும் ஊரும், 'பழைய மர சாய்வு நாற்காலி, ஒன்று' என்ற விவரம், என்ன மரம், எவ்வளவு தொகை, வண்டி எண். ஜிஎஸ்டி பதிவு உள்ள கடை என்றால் பதிவு எண்ணும் வேண்டும். மரச்சாமானுக்கு வரி 18 சதவீதம். ஆனால் பழைய பொருளை வாங்கி விற்பவருக்கு, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டும் வழி சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் 'பில் போட்டால் மொத்தத் தொகைக்கும் பதினெட்டு சேர்க்கணும்' என்று சொன்னால், இதைச் சொல்லிப் பேசுங்கள். பாதிக் கடைகளில் இறங்கி வருவார்கள்.

இ-வே பில் என்பது சரக்கு கொண்டுபோக இணையத்தில் எடுக்கும் ஜிஎஸ்டி சீட்டு, சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டும்போது வருவது. வீட்டில் புழங்கிய பழைய சாமான்களுக்கு அதிலிருந்து விலக்கும் உண்டு. ஒரு நாற்காலிக்கு அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஆனால் சாதாரண பில் கையில் கட்டாயம் இருக்கட்டும்.

இப்போது நான் மாட்டிய இடம். நாற்காலி, கட்டில் மாதிரி செய்து முடித்த சாமான் ஒன்று. உத்தரம், கட்டை, பலகை மாதிரி வெறும் மரம் வேறு. வெறும் மரத்துக்கு வனத்துறையின் டிரான்சிட் பாஸ், அதாவது மரத்தைக் கொண்டுபோகும் அனுமதிச் சீட்டு கேட்பார்கள். இதற்கு இணையத்தில் விண்ணப்பிக்கும் தேசிய முறை 2023 டிசம்பர் கடைசியில் வந்துவிட்டது. ஆனால் மரம் எங்கிருந்து வந்தது என்ற ஆவணம் கடைக்காரரிடம் இருந்தால்தான் அதுவும் நடக்கும். 'இதையும் கொண்டு போ சேச்சி, சும்மா தர்றேன்' என்று இரண்டு கட்டையைத் தூக்கிப் போடுவார்கள். கண்ணைக் கவரும். வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் அந்த இரண்டு உத்தரத்தையும் கடைசியில் கடைக்கே திருப்பி அனுப்பினேன், அனுப்பிய வண்டி வாடகையும் என்னுடையது.

கடை முற்றத்தில் நாற்காலி நிற்கும்போதே நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் அந்தப் படமும் பில்லின் படமும் சேர்ந்து இருந்தால், கேட்பவருக்கு அரை நிமிடத்தில் விஷயம் முடிந்துவிடும்.

4. வண்டி

தனி வண்டி பேசினால் புனலூரிலிருந்து செங்கோட்டைக்கு, ஏறக்குறைய 50 கிலோமீட்டருக்கு, நாலாயிரம் கேட்டார்கள். நான் 1,800 ரூபாயில் முடித்த வழி இது. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து தினமும் விடியற்காலையில் காய்கறி ஏற்றிக்கொண்டு வண்டிகள் கேரளம் போகின்றன. மதியத்துக்குள் காலியாகத் திரும்புகின்றன. அந்த டிரைவர்களிடம் முதல்நாள் சாயங்காலமே பேசிவையுங்கள். தினம் எல்லை தாண்டுகிறவர்கள் என்பதால் வண்டிக் காகிதமெல்லாம் சரியாக இருக்கும். உள்ளூர் ஓட்டத்துக்கு மட்டும் வைத்திருக்கும் 'சின்ன யானை' சரக்கு வண்டியைக் கூட்டிப்போனால் அடுத்த மாநிலத்து வரி, பெர்மிட் என்று வழியில் பேச்சு வரும்.

ஏற்றுக்கூலியை விலை பேசும்போதே கேட்டுவிடுங்கள்: யார் ஏற்றுவது, எவ்வளவு. வேலையே செய்யாமல் பார்த்து நின்றதற்குக் கேட்கும் நோக்குகூலியைக் கேரள அரசு 2018 மே 1 முதல் தடை செய்துவிட்டது. தூக்கி ஏற்றியவருக்கு உரிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்; எனக்கு 200 ரூபாய் ஆனது.

தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடிக் கொண்டுவராதீர்கள். 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் கேரள மருத்துவக் கழிவு கொட்டப்பட்ட பிறகு, அங்கிருந்து மூடி வரும் வண்டி என்றால் நம் பக்கத்துச் சாவடியில் கேள்வி கேட்பார்கள். கேட்பதும் நியாயம்தான். நாற்காலி வெளியே தெரியும்படி, கால்கள் மேலே இருக்கக் கவிழ்த்து, பழைய போர்வை சுற்றிக் கட்டுங்கள். புளியரை எஸ் வளைவில் வண்டி சாயும்போது கைப்பிடிதான் முதலில் அடிபடும். அதற்கு மட்டும் இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றுங்கள்.

5. மூன்று வாரம் தொடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

அந்தப் பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகம். வருஷக்கணக்காக அங்கே கிடந்த மரம் அந்த ஈரத்தைக் குடித்துப் பருத்திருக்கும். மலை இறங்கி நம் பக்கம் மாசி, பங்குனிக் காற்றில் வைத்தால் அது சுருங்கும். நீளத்தில் அதிகம் சுருங்காது, அகலத்தில்தான் சுருங்கும். சுருங்க விடாமல் நாலு பக்கமும் சட்டத்தில் பிடித்துவைத்த பலகை வேறு வழியில்லாமல் பிளக்கும். என் பெஞ்சுக்கு நடந்தது இதுதான். சுருங்கும் முன்பே பாலிஷும் போட்டு, ஆடிய மூட்டுக்குப் பசையும் ஊற்றிவிட்டேன்.

வீட்டுக்குள், நிழலில், காற்று போகும் இடத்தில் நாலு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயுமே என்று தோன்றும். ஒரு பக்கம் மட்டும் காய்ந்து முறுக்கிக்கொள்ளும், வேண்டாம். மின்விசிறிக்கு நேராகவும் வேண்டாம். ஒரு மூட்டின் இடைவெளியைப் பென்சிலால் கோடு போட்டுக் குறித்துக்கொண்டு வாரம் ஒருமுறை பாருங்கள். எனக்கு இரண்டாம் வாரம் வரை இடைவெளி கூடியது, மூன்றாம் வாரம் அசையவில்லை. அசையாமல் நின்ற பிறகுதான் வேலை.

6. பூச்சி இருக்கிறதா

இந்த மூன்று வாரத்திலேயே இதையும் பார்த்துவிடலாம். நாற்காலிக்கு அடியில் செய்தித்தாளை விரித்துவையுங்கள். காலையில் மாவு மாதிரி தூள் கொட்டியிருந்தால், உளுக்கும் பூச்சி உயிரோடு இருக்கிறது. துளை இருந்து தூள் விழவில்லை என்றால் அது பழைய கதை.

உயிரோடு இருந்தால் பெயிண்ட் கடையில் கிடைக்கும் மரப்பூச்சி மருந்தை ஊசி வைத்து ஒவ்வொரு துளையிலும் இறக்கி, பாலித்தீன் சுற்றி ஒரு வாரம் வையுங்கள். கையுறை அவசியம். மற்ற மரச்சாமான்கள் இருக்கும் அறையில் வைக்கவே கூடாது. முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசச் சொல்லிப் பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல காப்புதான், ஆனால் கறுத்துவிடும், தோலில் பட்டால் கொப்பளிக்கும். கால்களின் அடிப்பாகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

7. பழைய பெயிண்டை எடுப்பது

நான் வாங்கிய நாற்காலியில் மேலே பச்சை, அதற்குக் கீழே நீலம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யவேண்டும். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னும் கவனம்.

பெயிண்ட் ரிமூவரை வெட்டவெளியில் பூசி, மென்மையானதும் தகடால் வழித்து, அந்தக் கழிவைத் தாளில் சேர்த்துக் கட்டிவிடுங்கள். மிச்சத்தைத் தண்ணீர்த்தாளால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) ஈரமாகத் தேய்த்து எடுங்கள். மரம் தெரிந்து, நன்றாக உலர்ந்த பிறகு 120, கடைசியில் 220 எண் தாள். மர இழை போகிற திசையில் மட்டும் தேய்க்கவேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் எண்ணெய் போட்டதும் பளிச்சென்று தெரியும்.

மூட்டு வேலைக்கு நான் தச்சரைத்தான் கூப்பிட்டேன். ஒரு நாள் கூலி 1,100. ஆணி அடிக்கவேண்டாம், மூட்டைக் கழற்றிப் பசை போட்டுக் கட்டுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆணி அடித்த இடம் மழைக்காலத்தில் துரு இறங்கிக் கறுக்கும்.

8. எண்ணெயா, பாலிஷா

பிரெஞ்ச் பாலிஷ் பார்க்க அழகு. அது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்வது. ஈரம் பட்டால் வெளுக்கும். வீட்டுக்குள் சரி, திண்ணைக்கு ஆகாது. கடையில் பாலிஷ் கேட்டால் பெரும்பாலும் வீட்டுக்குள் போடுவதைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பார்கள். வெளியே போட என்று இரண்டு தடவை சொல்லுங்கள்.

நான் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து மூன்று பூச்சு கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி. பூசிய கால்மணி நேரத்தில் மரம் குடிக்காத எண்ணெயைத் துணியால் துடைத்துவிடவேண்டும். விட்டால் பிசுபிசுப்பு வாரக்கணக்கில் போகாது.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேற முடியாமல் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, வெளியே விரித்துப் போட்டு, விறைத்துக் காய்ந்த பிறகு குப்பையில் போடுங்கள்.

9. பிரம்பு

எண்ணெய் காய்ந்த பிறகுதான் பிரம்பு. முன்னால் பின்னினால் எண்ணெயெல்லாம் பிரம்பில் இறங்கும்.

சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளை இருந்தால் கையால் பின்னவேண்டிய நாற்காலி. துளை இல்லாமல் ஒரு பள்ளம் மட்டும் ஓடினால், பின்னித் தயாராக வரும் பிரம்பு வலையை வெட்டிப் பதிக்கலாம்; பாதிச் செலவு. துளை உள்ளதில் வலையைச் சின்ன ஆணியால் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆறு மாதத்தில் பிய்ந்து வரும்.

பின்னுகிறவர் கிடைப்பது கஷ்டம். நான் நாலு பேரைக் கேட்டு அலைந்தேன். அதனால் நாற்காலி வீட்டுக்கு வந்த அன்றே ஆளைத் தேடத் தொடங்குங்கள். பின்னல் முறை இது: நெடுக்கே இரண்டு, குறுக்கே இரண்டு, மூலைவாட்டில் இரண்டு, கடைசியில் ஓரம். பிரம்பைத் தண்ணீரில் ஊறவைத்து ஈரமாகவே பின்னுவார்கள். காயும்போது அது இறுகி, தட்டினால் மத்தளம் மாதிரி சத்தம் வரும். இரண்டு நாள் யாரையும் உட்காரவிடாதீர்கள். அப்பாவைத் தடுத்து நிறுத்துவதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

செலவு எனக்கு ஆனது: நாற்காலி 4,500, ஏற்றுக்கூலி 200, வண்டி 1,800, ரிமூவரும் உப்புத்தாளும் 450, பூச்சி மருந்து 300, எண்ணெய் வகை 700, தச்சர் 1,100, பிரம்பும் பின்னிய கூலியும் 1,800. மொத்தம் 10,850. நாற்காலிக்குக் கடையில் கொடுக்கும் விலையைப் போல இரண்டரை மடங்கு கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

10. திண்ணையில் போடுவது

தினம் விடியற்காலையில் வாசல் தெளிக்கிறோம். அந்தத் தண்ணீர் காலின் அடி வழியாக மரத்துக்குள் ஏறும். மருந்துக்கடையில் ஊன்றுகோலுக்குப் போடும் ரப்பர் மூடி விற்கிறார்கள். கால் அளவு கொண்டுபோய்ப் பார்த்து நாலு வாங்கி மாட்டுங்கள். நாலும் 160 ரூபாய்தான்.

எங்கள் திண்ணை மேற்குப் பார்த்தது. அதனால் 900 ரூபாய்க்கு ஒரு வெட்டிவேர் தட்டி வாங்கித் தொங்கவிட்டேன். இரண்டு மணிக்கு ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை தண்ணீர் தெளித்தால் காற்று குளிர்ந்து வாசனையோடு வரும். தட்டிக்கும் நாற்காலிக்கும் இரண்டு அடி இடைவெளி இருக்கட்டும், சொட்டும் தண்ணீர் மரத்தில் படக்கூடாது. பிரம்பின் மேல் மெத்தை போடாதீர்கள். முதுகுக்குக் காற்று வருவதற்காகத்தானே பிரம்பு. தேவையென்றால் ஒரு துண்டு கோரைப்பாய் போதும். பக்கத்தில் மணல் பரப்பி அதன்மேல் மண்பானை, அதற்கு எட்டும் தூரத்தில் ஒரு சொம்பு. அம்மா ஒரு பழைய உருளியில் தண்ணீர் ஊற்றி நந்தியாவட்டைப் பூ மிதக்கவிடுகிறாள். அழகாக இருக்கிறது. ஆனால் வாரம் இரண்டு தடவை தண்ணீரைக் கொட்டி உருளியைத் தேய்த்துக் கழுவவேண்டும், இல்லாவிட்டால் கொசு பெருகும்.

நல்ல வெயில் மாதத்தில் பிரம்பு வறண்டு ஒடியும். பத்து நாளுக்கு ஒருமுறை, ராத்திரியில், அடிப்பக்கமாக மட்டும் ஈரத்துணியால் ஒற்றிவிடுங்கள். மேல்பக்கம் வழுவழுப்பான தோல், அது தண்ணீரை இழுக்காது.

11. சாரலுக்கு முன் உள்ளே

கேரளத்தில் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1. குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கும்போது நம் திண்ணையிலும் சாரல் சாய்ந்து அடிக்கும். அதனால் மே கடைசி வாரத்தில் நாற்காலியை உள்ளே எடுத்துவிடுங்கள். எடுக்கும் முன் ஒரு பூச்சு எண்ணெய், ரப்பர் மூடியைக் கழற்றி உள்ளே தங்கிய ஈரத்தைத் துடைத்தல், வெட்டிவேர் தட்டியை வெயிலில் ஒருநாள் முழுக்கக் காயவைத்துச் சுருட்டுதல். நாற்காலியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். பில்லைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இருக்கைக்கு அடியில் ஒட்டிவைத்திருக்கிறேன். வீடு மாறினாலும், நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்தாலும், கூடவே போகட்டும்.